சம்பளத்துக்கு உச்சவரம்பு, டிக்கெட்டுக்கு?

ஹாக்கி என்றால் நமக்கு தயான் சந்த்தான். இது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடும் ஐஸ் ஹாக்கியின் கதை.

அங்கே என்.எச்.எல். என்ற அமைப்பில் 2004 செப்டம்பரில் கதவடைப்பு. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் அணி முதலாளிகள். சங்கம் மறுத்தது. 1,230 ஆட்டங்கள் போயின. 1919-இல் விஷக்காய்ச்சலால் பாதியில் நின்ற ஸ்டான்லி கோப்பை, 2005-இல் பணத் தகராறால் நடக்கவே இல்லை.

அந்த ஜூலையில் சங்கம் இறங்கி வந்தது. ஒப்பந்தச் சம்பளத்தில் 24 சதவீதம் வெட்டு. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் 3.9 கோடி டாலரைத் தாண்டக்கூடாது.

இனி டிக்கெட் விலை இறங்கும் என்று ரசிகர்கள் நம்பினார்கள். கோபித்துக்கொண்ட கூட்டத்தைத் திரும்ப அழைக்கச் சில அணிகள் குறைக்கவும் செய்தன. அது நிலைக்கவில்லை.

காரணம் எளிது. டிக்கெட் விலையை நிர்ணயிப்பது முதலாளியின் செலவு அல்ல, வாங்க நிற்கும் கூட்டம். டொராண்டோவில் அரங்கம் எப்படியும் நிரம்பும். விலையை யார் குறைப்பார்? மேலும், உச்சவரம்பே மொத்த வருமானத்தைப் பார்த்துத்தான் போடப்பட்டது. வசூல் ஏறினால் அதுவும் ஏறும். 2024-25-இல் அது 8.8 கோடி டாலர்.

ஆக, நடந்தது முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே பாகப்பிரிவினை. பணம் போட்ட ரசிகனுக்கு அதில் பங்கில்லை.