கடலுக்குப் போகிறவர் பெயர்ப் பதிவு

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் வரும். அவற்றைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அந்தத் துண்டு நிலத்தில், காலாப்பட்டை ஒட்டி இருக்கிறது பிள்ளைச்சாவடி. கடலில் எல்லைப் பலகை கிடையாது. படகில் எழுதிய எண்தான் ஊரைச் சொல்லும். ‘ஐ.என்.டி. – பி.ஒய்.’ என்று தொடங்கினால் புதுச்சேரிப் படகு, ‘டி.என்.’ என்றால் தமிழ்நாடு. அடுத்து ‘எம்.எம்.’ என்றிருந்தால் விசைப்படகு, ‘எம்.ஓ.’ என்றால் மோட்டார் மாட்டிய படகு, ‘என்.எம்.’ என்றால் மோட்டாரே இல்லாதது.

இந்த எண் அண்மைக் காலத்தது. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் இதைவிடப் பழைய பதிவு ஒன்று உண்டு: தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கட்டித் தலைக்கட்டு ஆவான். கோயில் திருவிழா, ஊர்க்கூட்டம், கடலில் தகராறு வந்தால் பஞ்சாயத்தின் துணை எல்லாம் அந்தக் கணக்கில்தான். கையில் சீட்டு எதுவும் தேவைப்பட்டதில்லை.

அரசுகள் கடலோடியின் பெயரை எழுதத் தொடங்கியது தங்கள் தேவைக்காக. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், போர்க்கப்பல்களுக்கு ஆள் சேர்க்கப் பிரான்சின் கரையோர மாலுமிகளைப் பதிவேட்டில் ஏற்றினார். பதிலுக்கு, ஊனமுற்ற மாலுமிகளுக்கென 1673இல் ஒரு நிதி உருவானது. பெயரைக் கொடுத்தவனுக்கு ஏதோ கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கரையிலும் அரசுகளுக்குக் கடலோடிகள் தேவைப்பட்டார்கள். அக்காலத்துப் புதுச்சேரியில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரம் போடும். அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் இறக்கியவர்கள் சலங்கு ஓட்டிய கடலோடிகள். கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. ஆணி அடித்திருந்தால் அலை அடிக்கிற அடிக்குப் பிளந்துவிடும். இதே போன்ற கரை கொண்ட சென்னையில், படகுகளையும் கட்டுமரங்களையும் ஒழுங்குபடுத்த 1842இல் சட்டமே போட்டார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு தலைக்கட்டுக் கணக்கின் பலமும் குறையும் ஒருசேர வெளிப்பட்டன. கரையோர ஊர்கள் பலவற்றில் நிவாரணத்தைப் பங்கிட ஊர்ப் பஞ்சாயத்திடம் பட்டியல் தயாராக இருந்தது, வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் ஆணை வைத்தே குடும்பத்தை எண்ணிய பட்டியலில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். பெரிய அநியாயம் அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, குஜராத்தின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தவர்கள் மும்பையைத் தாக்கினார்கள். அதன் பிறகுதான் நாடெங்கும் படகுகளை ஒரே முறையில் கணினியில் பதிவதும், கைரேகை எடுத்துக் கடல் மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பதும் வேகம் பிடித்தன. காவலுக்காக வந்த பதிவு வயிற்றுப்பாட்டோடும் பிணைந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மானிய டீசல் என்று எதைக் கேட்டுப் போனாலும் முதலில் பார்ப்பது பதிவைத்தான்.

மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணின் தொழிலுக்கு அரசுச் சான்று கிடைக்க 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் வழி திறந்தது. கணக்கெடுப்பில் பெயர் ஏறியவருக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தலைக்கட்டில் ஆணின் பெயருக்குப் பின்னால் நின்றவர், இந்தச் சான்றிதழைத் தன் பெயரிலேயே கேட்டு வாங்கலாம்.