தென்னேரி: ஏரிப் பங்கிலிருந்து வீட்டுமனை வரை

தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டத்தில், வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர். ஊருக்குப் பெயர் தந்தது ஏரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான இதைத் தொண்டைமான் இளந்திரையன் வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. திரையனேரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். சோழர் காலத்தில் இவ்வூருக்கு உத்தமசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் இருந்தது. மேற்கே பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி. வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர், கிழக்கே ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகள்.

இந்த வட்டாரத்தில் 'என் நிலம்' என்ற சொல்லின் பொருள் ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கிறது. முதலில் அது ஊரின் விளைச்சலிலும் நீரிலும் ஒரு பங்கு. பிறகு அரசுக்கு வரி செலுத்தும் வயல். இன்று சதுர அடியில் அளக்கப்படும் மனை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆவணம் உள்ளவர் கணக்கில் வந்தார், உழைப்பு மட்டும் உள்ளவர் கணக்கிலிருந்து விடுபட்டார்.

நிலமும் சபையும்

இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. வாரியத்துக்குக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்படுபவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும் என்பது அவற்றின் விதிகளுள் ஒன்று. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் தனியே இருந்தது. நிலம் உடையவருக்கு நீரைக் காக்கும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. நிலமில்லாதவர் அந்தச் சபையில் இடம்பெற முடியாது என்பதும் இதன் மறுபக்கம்.

காணியாட்சியும் மிராசும்

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். பிற்காலத்தில் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் முதலியோர் இக்கணக்குகளை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தனர்.

அன்றைய உடைமை முறை காணியாட்சி. கம்பெனியார் இதனை மிராசு என்றனர். ஊரின் நிலம் முழுவதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருக்கும். சில ஊர்களில் பங்காளிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வயல்களை மாற்றிக்கொண்டனர். இது பசுங்கரை. வயல் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது அறுதிக்கரை. களத்தில் நெல் தூற்றியதும் தச்சர், கொல்லர், வண்ணார், நீர்க்கட்டி ஆகியோருக்கு மேரை அளக்கப்பட்டது. ஏரி மராமத்துக்கும் கோயிலுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பங்கு பெரும்பாலும் வேளாளர், பிராமணர் போன்றோரிடம் இருந்தது. பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகைக் குடிகளுக்குப் பயிரிடும் உரிமை மட்டுமே உண்டு. வயலில் இறங்கிய ஆதிதிராவிடப் பண்ணையாட்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை.

பட்டாவும் பஞ்சமி நிலமும்

1790களில் ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டினார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை அவரோடு இணைத்தே சொல்லப்படுகிறது. 1802இல் ஜமீன்தாரி முறை இங்கே புகுத்தப்பட்டுத் தோல்வி கண்டது. பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. பங்கு மறைந்து, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண்ணும் ஒரு பட்டாதாரரும் ஏற்பட்டனர். ஏரியும் மேய்ச்சல் நிலமும் புறம்போக்கு என்ற தலைப்பில் அரசின் உடைமையாயின. ஊரார் சேர்ந்து செய்த குடிமராமத்து அதன்பின் தளர்ந்தது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். நிலமும் மனையும் இல்லாமையே அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று காட்டினார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணைப்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். இவற்றைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆயினும் பல இடங்களில் இந்நிலங்கள் கைமாறின. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தையொட்டி, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

நகரம் வந்த வழி

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை எழுந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. விளைச்சலை வைத்து மதிக்கப்பட்ட வயல், சாலையிலிருந்து எத்தனை தூரம் என்பதை வைத்து மதிக்கப்பட்டது. ஏர் ஓட்டிய வயலில் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள் முளைத்தன.

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க ஆணை வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதிகளும் அதில் அடங்கும்.

அதே 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவைப்படும் இத்திட்டத்தில் வயல்களோடு ஏரிகளும் குளங்களும் அடங்குகின்றன. பாலாற்று நீரை ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயும் இப்பகுதியின் ஊடே செல்கிறது. ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர். விமான நிலையம் வேண்டும் என்போர் வேலைவாய்ப்பையும் மீனம்பாக்கத்தின் இட நெருக்கடியையும் காட்டுகின்றனர். ஊர் மக்கள் கேட்பது வேறு: வயலுக்கு விலை உண்டு, ஏரிக்கும் ஊருக்கும் யார் விலை சொல்வது?

யாருக்கு இழப்பீடு?

2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், அரசின் வழிகாட்டி மதிப்பையும் அண்மைப் பத்திரங்களின் விலையையும் ஒப்பிட்டு இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. முத்திரைத்தாள் செலவைக் குறைக்கக் கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம், இழப்பீட்டு நாளில் உடையவருக்கே எதிராகத் திரும்புகிறது.

நிலமில்லாத குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் மூன்றாண்டுகள் அப்பகுதியை நம்பி வாழ்ந்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகைக்குச் சான்று ஏது? குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதலே மாநிலச் சட்டம் உண்டு; பதிந்தவர் குறைவு. பெண்கள் நிலையும் இதை ஒத்ததே. 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சம உரிமை அளித்தன. ஆயினும் மனை விற்கும் நாளில்தான் பல வீடுகளில் அக்காள் தங்கையரின் கையெழுத்து நினைவுக்கு வருகிறது.

ஜாவாவில் ஓர் ஒப்பீடு

இந்தோனேசிய மொழியில் தேசா என்றால் கிராமம், கோத்தா என்றால் நகரம். நம் காதுக்குப் பழகிய சொற்களே. வயலும் ஆலையும் கலந்து கிடக்கும் ஜாவாவின் நகர்ப்புறச் சிற்றூர்களைக் குறிக்க, புவியியலாளர் டெரி மக்கீ இவ்விரண்டையும் இணைத்துத் தேசகோத்தா என்றார். அங்கும் 1960இல் நிலச்சட்டம் வந்த பின்னரும், கிரிக் எனப்படும் பழைய வரிச் சான்றையே பல குடும்பங்கள் உடைமைச் சான்றாக நம்பியிருந்தன. நகரம் நெருங்கியபோது அரசுச் சான்றிதழ் உள்ளவர் கை ஓங்கியது. நம் ஊரில் கிஸ்தி ரசீதை மட்டும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தின் நிலையும் இதுவே.

செய்யக்கூடியவை

1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர்.) நேர்ந்த பெயர்ப் பிழைகள் பல குடும்பங்களில் இன்றும் திருத்தப்படாமல் உள்ளன. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதும், வாரிசுப் பெண்களின் பெயரைச் சேர்ப்பதும், குத்தகையை எழுத்தில் பதிவதும் விலை பேச ஆள் வருவதற்கு முன்னே செய்ய வேண்டியவை. ஏரிப் புறம்போக்கின் எல்லையைக் கிராமசபையில் வாசித்துப் பதிய வைக்கலாம். எந்த மதகின் நீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பதை அறிந்த முதியோர் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலரே உள்ளனர். அவர்கள் சொல்வதை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பட்டாவில் இடம்பெறாத ஒரு பங்கு பதிவாகும்.