மாதவ மேனன், என். ஆர். (1935–2019)

இந்தியச் சட்டக் கல்வியின் போக்கை மாற்றிய சட்ட அறிஞர், கல்வி நிர்வாகி. திருவனந்தபுரத்தில் பிறந்தவர். கேரளத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்த பின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் கற்பித்தார்.

அவரது பெரும்பணி பெங்களூரில் நடந்தது. 1986இல் இந்திய தேசியச் சட்டப் பள்ளியின் நிறுவன இயக்குநரானார். வேறு படிப்பில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடமாகச் சட்டக் கல்லூரி கருதப்பட்ட காலம் அது. மாலை வகுப்பும் மனப்பாடக் குறிப்புமே பல இடங்களில் போதுமானதாக இருந்தன. மேனன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை நுழைவுத் தேர்வு வழியே சேர்த்து, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பை நடத்தினார். மாணவர்கள் தீர்ப்புகளை முன்கூட்டியே படித்து வந்து வகுப்பில் வாதாட வேண்டும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள். மாதிரி நீதிமன்றமும் சட்ட உதவிப் பணியும் பயிற்சியின் பகுதிகள். பிற மாநிலங்களின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இந்த அமைப்பையே பின்பற்றின.

1998 முதல் 2003 வரை கொல்கத்தாவின் தேசிய நீதியியல் பல்கலைக்கழகத்திற்கு முதல் துணைவேந்தராக இருந்தார். பின்னர் போபாலில் தேசிய நீதித்துறை அகாதெமியின் இயக்குநராகி, மாணவர்களுக்குக் கற்பித்தவர் நீதிபதிகளின் பயிற்சிக்கும் பொறுப்பேற்றார். அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர்.

சட்டக் கல்வி ஏழைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று இறுதிவரை வலியுறுத்தினார். அவருடைய மாணவர்கள் பலர் பெருநிறுவனச் சட்டப் பணிக்கே சென்றதால், அந்த நோக்கம் பாதியே நிறைவேறியது. பத்மஸ்ரீ விருது 2003இலும், பத்மபூஷண் மறைவுக்குப் பின் 2020இலும் வழங்கப்பட்டன.