மெழுகில் பதிந்த கைதிகளின் குரல்

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்போர் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடுவது பாட்டுத் தட்டுகளையே. ஆனால், ஒரு காலத்து மக்கள் எவ்வாறு பேசினர் என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்குப் பாட்டைக் காட்டிலும் பேச்சே பெருஞ்செல்வம்.

ஒலிப்பதிவின் வரலாறும் பேச்சிலேயே தொடங்கியது எனலாம். 1877 இல் தோமஸ் எடிசன் தமது பொறியில் பதிந்தது ஒரு குழந்தைப் பாடலின் வரிகளை. அவற்றை அவர் பாடவில்லை, சொன்னார். அந்த வெள்ளீயத் தகடு எஞ்சவில்லை. 1890 இல் ஆங்கிலக் கவிஞர் டெனிசன் மெழுகு உருளையில் பதிந்த குரல், சிதைவுடனேனும் எஞ்சியுள்ளது. பெயர் பெற்றோரின் குரலைக் காக்க யாரேனும் இருந்தனர். சாமானியரின் குரலைக் காத்தவர் யார்?

இதற்கு விடை எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது: முதலாம் உலகப் போர்க்கால ஜேர்மனியின் கைதி முகாம்களில்.

1915 இல் பிரஷ்ய அரசு ஓர் ஒலிப்பதிவு ஆணைக்குழுவை அமைத்தது. உளவியல் அறிஞர் கார்ல் ஸ்டும்ப் அதன் தலைவர். ஆங்கில ஆசிரியராயிருந்த வில்ஹெல்ம் டோகன் பதிவுப் பணியை முன்னின்று நடத்தினார். பிரித்தானிய, பிரெஞ்சு, ரஷ்யப் படைகளில் போரிட்டுப் பிடிபட்டவர்கள் பல கண்டத்தவர். உலகின் மொழிகளெல்லாம் முள்வேலிக்குள் வந்து சேர்ந்திருந்தன. அறிஞர்களுக்குப் பயணச் செலவின்றிக் கிடைத்த வாய்ப்பு இது. 1918 வரை சுமார் 1,650 தட்டுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெழுகு உருளைகளும் பதிவாகின. அவற்றில் ஏறத்தாழ 250 மொழிகளும் வழக்குகளும் அடங்கும்.

பேர்லினுக்குத் தெற்கேயுள்ள வுன்ஸ்டோர்ப் என்னும் ஊரில் 'பிறைநிலா முகாம்' இருந்தது. இந்தியச் சிப்பாய்களும் வட ஆபிரிக்க முஸ்லிம்களும் அங்கே வைக்கப்பட்டனர். அவர்களைத் தத்தம் ஆட்சியாளருக்கு எதிராகத் திருப்புவதே முகாமின் நோக்கம். அதற்காக 1915 இல் அங்கே ஒரு பள்ளிவாசலும் கட்டப்பட்டது.

பதிவு முறை கண்டிப்பானது. பேச வேண்டியது முன்னதாகவே எழுதி வைக்கப்படும். கைதியை ஊதுகுழலின் முன் நிறுத்திப் பேச வைப்பர். ஒலிவாங்கி இல்லாத காலம். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. அந்த மெழுகிலிருந்து செப்பு அச்சு எடுத்து, அரக்குத் தட்டுகளாக வார்த்தனர். பேசியவரின் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், மதம் ஆகியன தனித்தாளில் குறிக்கப்பட்டன.

1916 டிசெம்பர் 11 ஆம் நாள் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் அக்குழலின் முன் நின்றார். தன்னைப் பற்றி அவர் படர்க்கையில் பேசினார்: ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜேர்மனியர் பிடித்துக்கொண்டனர், ஊர் திரும்பினால் அந்த உணவு மீண்டும் கிடைக்கும் என்ற பொருளில் அப்பேச்சு அமைகிறது. அறிஞர்கள் கேட்டது மொழி மாதிரியை. அவர் வைத்துச் சென்றதோ தமது ஏக்கத்தை. 2007 இல் பிலிப் ஷெப்னர் எடுத்த ஆவணப்படம் இக்குரலைப் பலரறியச் செய்தது.

ஆங்கிலேயக் கைதிகள் பலரிடம் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதை சொல்லுமாறு கேட்கப்பட்டது. தூர தேசத்தில் பசியால் வாடி, தந்தையின் வீடு திரும்பும் மகனின் கதை அது. சொன்னவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

இதே கதையைத்தான் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வும் பயன்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளின் பேச்சு கிராமபோன் தட்டுகளில் பதிவானது. தமிழும் அவற்றுள் ஒன்று. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத் திட்டம் இவற்றை இணையத்தில் இட்டுள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட தமிழரின் பேச்சை வீட்டிலிருந்தே கேட்கலாம் என்பது எத்தகைய பேறு!

இத்தட்டுகளின் மூலப்பொருளான அரக்கும் பெருமளவில் இந்தியாவிலிருந்தே சென்றது. இரண்டாம் உலகப் போரில் அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கிப் புதியன செய்தனர். எத்தனை குரல்கள் அவ்வாறு கரைந்தனவோ!

பேர்லின் தட்டுகள் பிழைத்ததற்குக் காரணம், அவை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தமையே. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகம் இன்று அவற்றைப் பேணுகிறது. ஆங்கிலேயக் கைதிகளின் பதிவுகளுடைய மின்பிரதியை 2008 இல் பிரித்தானிய நூலகம் பெற்றது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மறுக்கும் உரிமை இல்லாத கைதியின் குரல் யாருக்குச் சொந்தம்? காப்பகத்துக்கா, அவரது ஊருக்கா, பேரப்பிள்ளைகளுக்கா? பிரதிகள் அவ்வூர்களுக்கும் சென்று சேர வேண்டும் என்பதே எனது கருத்து.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் அரக்குத் தட்டு ஏதேனும் கிடக்கலாம். அதனை மதுசாரத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நிமிர்த்தி வையுங்கள். பிற்கால நெடுநேரத் தட்டுகளுக்குரிய ஊசியால் ஒலிக்கவிடாதீர்கள்; 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேசுபவர் யார், எவ்வூர், எந்த ஆண்டு என்பதைத் தாளில் எழுதி உடன் வையுங்கள். மால் சிங்கை நாம் இன்று பெயர் சொல்லி நினைவுகூர்வது, அன்று ஒருவர் அந்தத் தாளை நிரப்பியதனாலேயே.