முன்பற்களும் பீங்கானும்: ஒரு வரலாற்று நோக்கு

நகைக்குமிடத்து முதலிற் புலப்படுவன முன்பற்களே. அவற்றின் அழகைப் பீங்கானால் மீட்க முனைந்த வரலாறு, பல்லை எவ்வளவு குறைவாகச் செதுக்கலாம் என்ற வினாவின் வரலாறுமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் செயற்கைப் பற்கள் பெரும்பாலும் தந்தத்தாற் செய்யப்பட்டன. அவை கறைபட்டு நாற்றமெடுத்தன. இவ்விடரைத் தாமே அனுபவித்த பிரான்சிய மருந்தாளர் டுஷாற்றோ 1770களிற் பீங்கானை நாடினார். சூளையில் அது சுருங்கும் குறையை ஈடுசெய்யப் பாரிஸ் பல்வைத்தியர் டுபுவா டி செமான் வழிகண்டார். எனினும், இவை இழந்த பல்லுக்கு ஈடாயினவேயன்றி, எஞ்சிய பல்லைக் காத்தனவல்ல.

எஞ்சிய பல்லைக் காக்கும் வழியை 1880களில் அமெரிக்க நகரான டெட்ரொயிற்றிற் சாள்ஸ் லான்ட் காட்டினார். மெல்லிய பிளாற்றினத் தகட்டின்மீது பீங்கானைச் சுட்டு, பல்லுக்கு உறைபோன்ற முடியை ஆக்கினார். ஆயினும் அம்முடி எளிதில் உடைந்தது. அதனை அணிவிக்கப் பல்லைச் சுற்றிலும் செதுக்கவும் நேர்ந்தது. உடையுந் தன்மையை 1965இல் மக்லீன், ஹியூஸ் ஆகியோர் அலுமினா கலந்து குறைத்தனர்.

செதுக்கலைக் குறைக்கும் வழி வேறிடத்திற் பிறந்தது. 1930களில் ஹொலிவூட் நடிகரின் பற்கள்மீது சாள்ஸ் பிங்கஸ் மென்தகடுகளை ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவை கழற்றப்பட்டன. நிலைத்து ஒட்டும் வழியை 1955இல் புவோனோகோர் திறந்தார். மிளிரி எனப்படும் பல்லின் மேற்படையிற் பொசுபோரிக்கமிலம் நுண்டுளைகளை ஆக்க, பிசின் அவற்றுட் பற்றிக்கொண்டது. 1980களிற் பீங்கானின் உட்புறமும் அமிலத்தால் அவ்வாறே அரிக்கப்பட்டபோது, தகடு பல்லோடு நிலைத்தது.

இன்று தகட்டுக்கு அரை மில்லிமீற்றரளவு செதுக்கலே பெரும்பாலும் போதும். செதுக்கிய மிளிரி மீண்டும் வளராது. எனவே, நலமான பல்லை வெண்மை வேட்கையால் முடிக்கெனச் சுற்றிச் செதுக்குவது, இரு நூற்றாண்டு முயற்சியைப் புறந்தள்ளுவதேயாகும்.