கொல்கத்தாவின் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் மீன்குளங்கள்: எப்படி?

கொல்கத்தாவில் நீங்கள் சாப்பிடும் ரோகு மீன், அந்த ஊர் சாக்கடை நீரில் வளர்ந்ததாக இருக்கலாம். முகம் சுளிக்காதீங்க. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க அந்தத் துறைமுக நகரத்துக்கு உள்ள மலிவான ஏற்பாடு இதுதான்.

எங்கே இருக்கிறது?

நகரின் கிழக்கு ஓரத்தில், சுமார் 12,500 ஹெக்டேரில். மீன்குளங்கள், நெல் வயல்கள், காய்கறித் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம். 2002-ல் ராம்சர் தளமானது. சென்னையின் பள்ளிக்கரணை ராம்சர் தளம் சுமார் 1,248 ஹெக்டேர். அதாவது, இதில் பத்தில் ஒரு பங்குதான்.

எப்படி வேலை செய்கிறது?

கால்வாய்கள் வழியே தினமும் சுமார் 75 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதை 'பேரி' எனப்படும் ஆழமில்லாத குளங்களுக்குள் மீனவர்கள் அளவாகத் திறந்துவிடுகிறார்கள். வெயிலும் பாக்டீரியாவும் கழிவைச் சிதைக்கின்றன. அந்தச் சத்தில் பாசி வளர்கிறது, பாசியை மீன் தின்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் வயலுக்குப் போகிறது. சுத்திகரிப்பு ஆலைக்கு ஆகும் கரண்ட் செலவு இங்கே இல்லை. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீனும் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று, இது வீட்டுக் கழிவுக்கான முறை. தொழிற்சாலைக் கழிவில் வரும் உலோகங்களை பாக்டீரியாவால் சிதைக்க முடியாது.

வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளி ஆற்றை விட்டு விலகி, கிழக்கு நோக்கிச் சரிகிறது. எனவே மழைநீரும் இந்தப் பக்கம்தான் வரும். அதைத் தாங்கிக்கொள்ளும் இடம் இது. இதை மூடிவிட்டால், தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

காப்பாற்றியது யார்?

1980-களில் இந்த முறையை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர், மேற்கு வங்க அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ். 1992-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இங்கு நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை போட்டது. 2006-ல் தனிச் சட்டமே வந்தது.

இப்போது என்ன ஆபத்து?

நிலத்தின் விலை. பக்கத்தில் உள்ள சால்ட் லேக் நகரமே நீர்நிலையை மேடாக்கிக் கட்டப்பட்டதுதான். கால்வாயில் வண்டல் சேர்ந்தால் குளத்துக்குத் தண்ணீர் வராது. வற்றிய குளம் பிளாட்டாக மாற ரொம்ப நாள் ஆகாது.

பள்ளிக்கரணைக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சட்டம் காகிதத்தில் காக்கும். ஆனால் அதை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வருமானம் இருக்கும்வரைதான் குளம் குளமாக இருக்கும்.