மோட்டார் விளக்கும் அதன் விசையும்



சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், மோட்டார் வண்டியின் முன்பலகையில் விரல் நுனிக்கு அடங்கும் அளவில் இருக்கும் ஒரு சிறு விசைக்கும், நாம் வழக்கில் சுவிட்சு என்கிறோமே அதற்கும், ஒரு சரித்திரம் உண்டு. அதிலே சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, போர் இருக்கிறது, இரவுச் சாலையில் மாண்டவர்களின் கணக்கும் இருக்கிறது.

அந்த வரலாற்றை இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகைகளிலே உருவான கிட் கார்களைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். தொழிற்சாலையில் முற்றுப்பெற்று வரும் வண்டியில், விளக்குக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓட்டுபவர் அறிய வேண்டியதில்லை. பாகங்களைப் பெட்டிகளில் வாங்கித் தாமே பூட்டிக்கொள்பவரோ, எந்த விசையைத் தேர்ந்தெடுப்பது, அதை எங்கே பொருத்துவது, எந்தக் கம்பியை எதனோடு இணைப்பது என்று ஒவ்வொன்றையும் தாமே தீர்மானித்தாக வேண்டும். பிறர் ஐம்பது ஆண்டுக் காலம் கற்ற பாடத்தை அவர் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கற்க நேரிடுகிறது.

முதலில் வந்த மோட்டார் வண்டிகள் குதிரை வண்டியின் எண்ணெய் விளக்கையே இரவல் வாங்கிக்கொண்டன. அதன்பின் அசெட்டிலீன் விளக்கு வந்தது. கார்பைடுக் கல்லின் மேல் நீர் சொட்டச் சொட்ட வாயு பிறக்கும். அதைத் தீக்குச்சியால் ஏற்ற வேண்டும். இருட்டியதும் ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, நீர்க் குழாயைத் திருகி, மழையானாலும் காற்றானாலும் குச்சியைக் கிழித்தாக வேண்டும். விசை என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1898-இல் அமெரிக்காவின் கொலம்பியா மின்சார வண்டியில் மின் விளக்கு தரப்பட்டதுண்டு. ஆனால் அக்காலத்து இழைகள் கரடுமுரடான சாலையின் குலுக்கலைத் தாங்கவில்லை. வண்டியில் மின்சாரத்தை ஓயாமல் உண்டாக்கிக் கொடுக்கும் நம்பகமான கருவியும் இல்லை. 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டியில், சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்த முறைப்படி, இஞ்சினைக் கிளப்புவதும் தீப்பொறி தருவதும் விளக்கெரிப்பதும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன. இருந்த இடத்திலிருந்தே விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம் என்னும் வசதி அதன்பின் விரைவாகப் பரவிற்று.

ஒளி பெருகியதும் புதியதொரு துன்பம் பிறந்தது. எதிரே வருபவரின் கண் கூசியது. வெளிச்சம் வேண்டும், ஆனால் அது எதிரியின் கண்ணில் படக் கூடாது! இதற்கு ஒரே பல்பில் இரண்டு இழைகள் என்ற விடை 1924-இல் ஐரோப்பாவில் கிடைத்தது. ஓர் இழை நெடுந்தொலைவுக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. பிரிட்டனில் மட்டும் வேறொரு வினோதமான வழக்கம் சில காலம் நிலவியது. ஓட்டுபவர் விசையை அழுத்தினால், சாலை மருங்கில் இருக்கும் விளக்கின் பிரதிபலிப்பான் ஒரு மின்காந்தத்தால் கீழே சாயும். நடுச்சாலைப் பக்கத்து விளக்கு அடியோடு அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டை நான் மெச்சுவதற்கில்லை. ஒற்றைக் கண்ணோடு வருவது மோட்டார் சைக்கிளா, முழு வண்டியா என்று எதிரே வருபவர் எப்படி அறிவார்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முன்பலகையில் இருந்த விளக்கு விசைக்கு மூன்று நிலைகள்: அணைவு, பக்க விளக்கு, தலை விளக்கு. ஒளியைத் தாழ்த்தும் விசையோ வெகுகாலம் தனியாக, தரையில் இடது காலுக்கு அருகே இருந்தது. ஏன் இந்தப் பிரிவு? முதலில் பக்க விளக்கு வந்தது, பின்னர் தலை விளக்கு, அதற்கும் பின்னர் தாழ்கதிர். வந்த வரிசையிலேயே அவை தங்கிவிட்டன. பழைய நகரங்களில் கோட்டை நடுவிலும் கடைவீதி அதைச் சுற்றியும் அமைந்திருப்பது போன்றதே இதுவும்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பிரிட்டனில் இருட்டடிப்பு ஆணை பிறந்தது. தெரு விளக்குகள் அணைந்தன. வண்டி விளக்குகளுக்குத் தகட்டு மறைப்பு மாட்டி, சிறு பிளவுகளின் வழியே மட்டும் ஒளி கசிய விட்டார்கள். 1938-இல் அந்நாட்டுச் சாலைகளில் 6,648 பேர் மாண்டனர். 1941-இல் அந்தத் தொகை 9,169. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து வண்டிகள் குறைந்திருந்த காலம் அது என்பதை மறவாதீர்கள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு வேகத்தை மணிக்கு 20 மைல் என 1940-இல் குறைத்தும் பெரும்பயன் விளையவில்லை. அந்நாட்டின் சாலை வரலாற்றில் அந்த 1941-ஐ விட அதிக உயிர்ச்சேதம் கண்ட ஆண்டு வேறில்லை. மோட்டார் விளக்கு ஆடம்பரமா, அவசியமா என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

அதே 1940-இல் பிரிட்டிஷ் அரசு கொள்முதல் வரி என்ற ஒன்றையும் விதித்தது. போர் முடிந்த பின்னரும் அந்த வரி போகவில்லை. 1950-களின் பிற்பகுதியில் புது வண்டியின் மொத்த வியாபார விலையில் பாதிக்குக் குறையாத வரி கட்ட வேண்டியிருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. முழு வண்டிக்குத்தான் இந்த வரி. பாகங்களாக வாங்கித் தானே பூட்டிக்கொண்டால் அந்தச் சுமை இல்லை. காலின் சாப்மன் என்னும் பொறியியல் மாணவர் 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் வண்டியைப் பிரித்துத் தம் முதல் பந்தய வண்டியைக் கட்டியவர். அவர் 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டியைப் பாகங்களாகவே விற்கத் தொடங்கினார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழு வண்டியாகக் கருதப்படும் என்பதால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் செய்தாராம்! சட்டத்தை மீறாமல் சட்டத்தை மடக்கும் இக்கலையில் ஆங்கிலேயர் நமக்கு இளைத்தவரல்லர்.

சாப்மனின் வண்டியைக்கூட வாங்க இயலாத இளைஞர் பலர், பழைய போர்டு வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் கண்ணாடி நாரிழையாலான உடலைப் பூட்டி ஓட்டினார்கள். அவர்களுக்கு இரண்டு இடர்கள் காத்திருந்தன.

முதலாவது இடர், அந்தப் போர்டு வண்டிகளின் மின்னமைப்பு 6 வோல்ட்டாக இருந்தது. வகுப்பறையில் ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதும்போது, இது எங்கே பயன்படும் என்று கேட்காத மாணவர் இல்லை. இதோ இங்கே. 36 வாட் விளக்குகள் இரண்டு. மொத்தம் 72 வாட். 6 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் போதும். விசையிலும் கம்பியிலும் சேர்ந்து ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும். அது ஐந்தில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் 0.6 வோல்ட்தான் தொலையும். அது இருபதில் ஒரு பங்கு. ஒளியோ அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதன்று. அதைவிட மிக வேகமாகக் குறைவது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். துருப்பிடித்த ஒரு பழைய விசை, ஓட்டுபவருக்குத் தெரியாமலே அவருடைய பார்வையில் பாதியைத் திருடிக்கொள்கிறது.

இரண்டாவது இடர் உடலின் பொருளால் வந்தது. இரும்பு உடல் கொண்ட வண்டியில் விளக்குக்கு ஒரு கம்பி போதும்; மின்சாரம் உடலின் வழியே பாட்டரிக்குத் திரும்பிவிடும். கண்ணாடி நாரிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பும் கம்பியைத் தனியே இழுத்தாக வேண்டும். அந்த இணைப்பு தளர்ந்தால், விளக்கு மங்கி, வேறொரு விளக்கின் வழியே மின்சாரம் திரும்ப முயன்று, ஒன்றை ஏற்ற மற்றொன்று மினுக்கும்.

விசையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆசை ஒரு பக்கம் இழுத்தது, அறிவு மறுபக்கம் இழுத்தது. போருக்குப் பின் இராணுவ மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. விமானத்தில் இருப்பது போலக் குமிழ் விசைகளை முன்பலகையில் வரிசையாகப் பதித்தால் அழகுதான். ஆனால் எல்லாம் ஒரே உருவமாக இருந்தால், மழையிரவில் துடைப்பானை இயக்க நீளும் கை தலை விளக்கை அணைத்துவிடலாம். அன்றியும், குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, அது ஒளிரும்போது உள்ள தடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். விசையைப் போட்ட கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப் போல் பல மடங்கு பாய்கிறது. விலைமலிந்த விசையின் தொடுமுனைகள் அந்த வெள்ளத்தில் நாளடைவில் கரிந்துபோகும்.

இவற்றைக் காட்டிலும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. தலை விளக்குக்கு பியூஸ் வைக்கலாமா? அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வைக்கவில்லை. பியூஸ் போய்விட்டால், வளைவில் வேகமாகத் திரும்பும் நேரத்தில் இரண்டு விளக்கும் ஒருங்கே அணைந்து ஓட்டுபவர் குருடராவார் என்பது அவர்கள் வாதம். பியூஸ் இல்லாவிட்டாலோ, உரசித் தோல் கிழிந்த ஒரு கம்பி சட்டத்தைத் தொட்ட மாத்திரத்தில் கம்பிக் கட்டு முழுவதும் தீப்பற்றலாம். இருட்டுக்கு அஞ்சுவதா, நெருப்புக்கு அஞ்சுவதா? ஒரே பியூஸ் என்று எண்ணியதால்தான் இந்தச் சிக்கல். இடது விளக்கின் இரண்டு இழைகளுக்கும் வலது விளக்கின் இரண்டு இழைகளுக்கும் தனித்தனியே நான்கு பியூஸ் வைத்தால், ஒன்று போனாலும் மற்றொரு விளக்கு எரியும். இவ்வளவு எளிய விடையை அந்நாட்டுத் தொழிற்சாலைகள் பலவும் காலம் தாழ்த்தியே கைக்கொண்டன. சில பென்ஸ் மிச்சம் பிடிக்கும் கணக்கே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்நாட்டு வண்டிகளின் மின்கருவிகளைப் பெரும்பாலும் பர்மிங்காம் நகரத்து லூகாஸ் நிறுவனமே செய்தது. அதனை நிறுவியவரை இருளின் இளவரசர் என்று ஓட்டுநர்கள் கேலி செய்வதுண்டு. கேலி இருக்கட்டும், கம்பிகளுக்கு நிறத்தால் அடையாளம் வகுத்து நிலைநாட்டிய பெருமை பிரிட்டிஷ் தொழிலுக்கு உண்டு. நீலம் தலை விளக்குக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு உயர்கதிருக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்கதிருக்கு, கறுப்பு எர்த்துக்கு. கிட் கார் கட்டுபவருக்கு இது கைவிளக்குப் போன்றது. இதே லூகாஸ், டி.வி.எஸ். நிறுவனத்தோடு கூடி 1961-இல் தொடங்கிய தொழிலகம் சென்னைப் பாடியில் வளர்ந்து, நம் நாட்டு வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்து தந்தது.

1960-இல் பிரிட்டன் பழைய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனையை ஏற்படுத்தியது. பிரேக்கு, சுக்கான், விளக்கு மூன்றும் அதில் அடங்கின. கொட்டகை வண்டிகள் பல அந்தச் சோதனையைத் தாண்டவில்லை. 1973-இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது, பாகங்களுக்கிருந்த சலுகையும் போயிற்று. அவ்வாண்டிலேயே லோட்டஸ் செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது. 1998 முதல், வீட்டில் கட்டிய வண்டியும் சாலைக்கு வருமுன் அதிகாரிகளின் தனிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றாயிற்று. மோதலின்போது முகத்தில் குத்தும் கூர்முனை முன்பலகையில் இருத்தல் கூடாது என்ற விதி வந்ததும், நீட்டிக்கொண்டிருந்த விமானக் குமிழ் விசைகளைப் பலர் கழற்றிவிட்டுத் தட்டை விசைகளைப் பொருத்தினார்கள்.

இன்று அனுபவமுள்ள ஒருவர் கட்டும் வண்டியில், தலை விளக்கின் பெரு மின்னோட்டம் விசைக்குள் நுழைவதே இல்லை. 1835-இல் ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அமைத்துக் காட்டிய ரிலே என்னும் மின்காந்தக் கருவி அங்கே துணைக்கு வருகிறது. விசை கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தால் அந்தக் காந்தத்தை எழுப்புகிறது. காந்தம் கனமான தொடுமுனைகளைச் சேர்க்கிறது. பாட்டரியிலிருந்து நான்கு பியூஸ்களின் வழியே, குறுகிய தடித்த கம்பியில், மின்சாரம் விளக்கை அடைகிறது. உயர்கதிருக்கு ஒரு ரிலே, தாழ்கதிருக்கு ஒரு ரிலே. இரண்டையும் ஒரே ரிலேயில் அடக்கிச் செலவைக் குறைக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஒன்று பழுதானால் இரண்டு கதிரும் போய்விடும்.